ஏற்பொலி

எங்கள் வீட்டில் யாரும் ‘ஆம்’ என்று சொன்னதில்லை. உங்கள் வீட்டிலும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது எழுதுகிற சொல். ஆமா என்போம், சரி என்போம், கரூர்ப் பக்கம் ‘ஆமாங்’ என்று இழுப்போம். பெரும்பாலும் அதுவும் இல்லை. ‘ம்’ கொட்டுவோம். எதிரே ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார், நான் இங்கேதான் இருக்கிறேன், மேலே சொல்லலாம். அதற்கு அவ்வளவுதான் பொருள்.

என் மனைவி எழிலரசிக்கு அது தனியாகவே வரும். அரிசி களைந்தபடி, துணி மடித்தபடி, முதுகைக் காட்டியபடி ம் கொட்டுவாள். கதை சப்பென்று இருந்தால் ம் தாழும். சூடு பிடித்தால் கடைசியில் சற்று மேலே ஏறி நிற்கும். நான் குடிநீர்ப் பிரிவில் உதவிப் பொறியாளர். குழாய் உடைந்த கதைகள்தான் என்னிடம் உண்டு. அவள் ம் கொட்டினால் அவையும் கதையாகிவிடும். அவள் போன பிறகு நான் அதிகம் பேசுவதில்லை.

நலவாழ்வுச் சீர்திருத்தச் சட்டம் வந்தபோது எல்லோரையும் போல நாங்களும் மகிழ்ந்தோம். இதை மறைக்க வேண்டியதில்லை. என் மாமனார் நல்லசிவத்துக்கு ஒரு காசு செலவில்லாமல் கண்புரை எடுத்தார்கள். தெருவில் பிரசவத்துக்குக் கடன் வாங்குவது நின்றது. ஒரே ஒரு இடத்தில்தான் கையைக் கடித்தது. வென்டிலேட்டரும் டயாலிசிஸும் எத்தனை பேருக்குத் தர முடியும் என்ற கேள்வி. அதற்குச் சட்டம் இரண்டு பாதைகளை வைத்தது. முழுப் பாதை என்றால் எல்லாச் சிகிச்சையும் உண்டு. இதப் பாதை என்றால் குழாய், ஊசி, கருவி எதுவும் இல்லாமல், வலி தெரியாமல், நிம்மதியாக. ஒன்றும் சொல்லாதவர் முழுப் பாதை. விரும்பியவர் இதப் பாதைக்கு மாறிக்கொள்ளலாம். மாறியவர் திரும்பி வர, பதிவே தவறு என்று திருத்த மன்றத்தில் காட்ட வேண்டும். ஆனால் புரிந்துகொண்டுதான் மாற வேண்டும். ஒவ்வொருவருக்கும் சட்டத்தை அவரவர் பேச்சில் விளக்கி, அவர் ஒப்புக்கொண்டதைப் பதிந்தால்தான் செல்லும். அந்தப் பிரிவைப் பாராட்டாத பத்திரிகை இல்லை. மக்களுக்குப் புரிய வேண்டும் என்று இதற்கு முன் எந்தச் சட்டம் கவலைப்பட்டது.

கோடிக்கணக்கானவர்களுக்கு விளக்க ஆள் எங்கே கிடைக்கும்? ஒரு குரலைச் செய்தார்கள். அரசுப் பெயர் ‘விளக்கி’. ஊர் அதை விளக்கியக்கா என்றது. போனில் கூப்பிட்டு, நம் ஊர்ப் பேச்சில் தொடங்கி, முக்கியமான கேள்வி வந்ததும் ஆபீஸ் தமிழுக்கு மாறிவிடும். ரேஷன் கடையில் எல்லோருடைய குரலையும் ஏற்கெனவே பதிந்திருந்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு அழைப்பு போதும், யார் பேசுகிறார் என்று அதுவே பிரித்துக்கொள்ளும். பாதியில் வைத்தால் மறுநாள் மறுபடி முதலிலிருந்து கூப்பிடும். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் எழிலரசிக்குக் காய்ச்சல் வந்தது. நுரையீரலில் இறங்கியது. டாக்டர் வென்டிலேட்டரைக் கொண்டுவரச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார். பிறகு அதை வேண்டாம் என்றார்.

“இவங்க இதப் பாதை எடுத்திருக்காங்க.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே.”

“உங்ககிட்டச் சொல்லணும்னு சட்டத்துல இல்லீங்க.”

எழிலரசி முகமூடியை விலக்கி “எனக்கு வேண்டாம்” என்றாள். இதப் பாதையைத்தான் வேண்டாம் என்கிறாள் என்று அவருக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. காய்ச்சலில் இருப்பவர் சொல்வது தெளிந்த மனநிலையில் சொன்னதாகாது என்று டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் திரையில் பதிந்ததை மீறினால் அவருடைய உரிமம் போய்விடும். அவளை இதம் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பூப்போட்ட திரைச்சீலை. குளிர்ச்சி. எங்கிருந்தோ வீணை. அவளுக்கு வீணை பிடிக்காது. என் சட்டையைப் பிடித்த பிடியை அவள் கடைசி வரை விடவில்லை.

அவள் பேசிய பதிவைக் கேட்டு மனுப் போட்டேன். பதிவு அவருடைய தனியுரிமை, கணவர் அதில் தரப்பு அல்லர் என்று பதில் வந்தது. அதோடு நிறுத்திவிட்டேன். எதையும் மேலே கொண்டுபோகிற நிலையில் நான் இல்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். வெங்கமேட்டு வீட்டில் நானும் மாமாவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மாமா வாழ்நாள் முழுக்க பஸ் பாடி கட்டும் பட்டறையில் தகரம் தட்டியவர். அந்தச் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது. கேட்டதற்கும் ம் கொட்டுவார், கேட்காததற்கும் கொட்டுவார். கோடையில் அவருக்குக் கால் வீங்கியது. பரிசோதித்த டாக்டர், இந்த வாரத்துக்குள் டயாலிசிஸ் தொடங்காவிட்டால் தாங்காது என்றார். சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும்.

இதப் பாதை. ஒப்புதல் உண்டு.

அன்று மதியம் வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

“நாளைக்குத் திருத்த மன்றத்துக்குப் போகணுங் மாமா.”

“எதுக்குங் மாப்ள?”

“உங்க பேருல தப்பாப் பதிஞ்சிருக்குது. மாத்தணும்.”

“தப்புன்னு யாரு சொன்னது?”

“டயாலிசிஸ் வேண்டாம்னு நீங்க சொன்னீங்களா?”

“சொன்னேன்னு எழுதியிருக்குதில்லீங்.”

“சொன்னது ஞாபகம் இருக்குதுங்களா?”

“எனக்கு நேத்து என்ன கொழம்புன்னே ஞாபகமில்லீங். சர்க்காருல எழுதி வெச்சிருக்கறாங்கன்னா ஏதோ சொல்லித்தான் இருப்பேன்.”

தண்ணீர் அளந்து குடிக்கச் சொல்லியிருந்தார்கள். டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

“எழிலு என்ன சொன்னாளோ அதைத்தான் நானும் சொல்லியிருப்பேன். அவ படிச்ச புள்ளை. விளக்கமாக் கேட்டுத்தான் ஒத்துக்கிட்டிருப்பா. நம்மளை விடச் சின்னவங்க யாருக்காச்சும் அந்தப் பெட்டு ஆகட்டும்னு விட்டுக் குடுத்திருப்பா. பள்ளிக்கூடத்துல போடற முட்டையைப் பக்கத்துப் புள்ளைக்குக் குடுத்துட்டு வந்து நிப்பாளுங். அப்பிடி வளத்துனேன்.”

“சின்னவங்களா? அவளுக்கு இருவத்தொம்போது வயசுங் மாமா.”

“அதுக்குத்தானுங் சொல்றேன். அந்த வயசுல அவளே விட்டுக் குடுத்திருக்கறா. எனக்கென்னங்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மகள் போனதை அவர் தாங்கிக்கொண்டு நடமாடுவது இந்த ஒரு நினைப்பை ஊன்றித்தான். அதைத் தட்டிவிட்டால் அவர் விழுவார். தட்டாவிட்டால் சாவார்.

“வந்து உக்காந்தாப் போதுங் மாமா.”

“வர்றனுங். என்னையப் பேசச் சொல்லாதீங்க.”

திருத்த மன்றம் ஒரு பழைய ஜவுளிக் கிடங்கில் இயங்கியது. போர்வை மூட்டை கிடந்த இடத்தில் நாற்காலிகள். திருத்த அலுவலரின் பெயர் உமாராணி. ஐம்பது வயதிருக்கும். கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனேன். எழுந்து வந்து மாமாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். உதவியாளர் அஸ்லமிடம் மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பச் சொன்னார். மேசைமேல் டம்ளர் அளவில் ஒரு கருவி இருந்தது. விளக்கி. எந்த விசாரணையிலும் அது திறந்தே இருக்க வேண்டும் என்பது விதி.

“உங்களுக்கு விளக்கியாச்சுங்களே,” என்றார் உமாராணி. “பதிவுல எந்தக் கோளாறும் இல்லீங்க. பெரியவரு ஏற்பொலி குடுத்திருக்காரு.”

“ஏற்பொலின்னா?”

“ம், உம், ஆங். இதெல்லாம் ஏற்பொலி.”

“ம்னு சொன்னதை ஒப்புதல்னு எடுத்துக்கிட்டீங்களா?”

“கேளுங்க. முதல்ல ‘ஆம்’னு சொன்னாத்தான் பதியும்னு வெச்சாங்க. ஊர் ஊராக் கூப்பிட்டுப் பார்த்தாங்க, யாருமே சொல்லலீங்க. ஆம்னு யாருங்க வீட்டுல பேசறாங்க? நாடகத்துல ராஜாதான் பேசுவாரு. எண்ணை அழுத்துங்கன்னா போனை வெச்சுடறாங்க. கடைசியில மக்கள் எப்படிப் பேசறாங்களோ அப்படியே எடுத்துக்கலாம்னு தமிழ் படிச்சவங்களை வெச்சுக் குழு போட்டாங்க. அவங்க வெச்ச பேருதான் ஏற்பொலி. மக்கள் பேச்சை மதிச்சுப் பண்ணுனதுங்க இது.”

“ம்ங்கறதுக்குச் சரின்னு அர்த்தம் இல்லீங்க மேடம்.”

“வேற என்னங்க அர்த்தம்?”

“கேட்டுட்டிருக்கேன்னு அர்த்தம்.”

“கேட்டுட்டு இருந்தா விளக்கம் போய்ச் சேர்ந்துதுன்னுதானே? பிடிக்கலைன்னா ‘ம்ஹும்’ சொல்லலாம். அதையும் தனியாப் பதியுது. தடுக்கலையே.”

பொறுமையாகச் சொன்னார். அந்தப் பொறுமைதான் எரிச்சலைக் கிளப்பியது. என் மனைவி செத்துப்போனது ஒரு மொழியியல் குழுவின் நல்லெண்ணத்தால் என்று அந்த அறையில் தெரிந்துகொண்டேன். யார்மேலாவது கோபப்பட வேண்டும். கோபப்பட ஆள் இல்லாதபடி எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள்.

“பதிவைப் போடுங்க. அவரு தரப்புத்தானே. கேக்க உரிமை இருக்கு.”

உமாராணி அஸ்லமைப் பார்த்தார். இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. அவன் தேடி எடுத்துப் போட்டான்.

முதலில் கடுகு வெடித்தது.

பிறகு விளக்கியின் குரல், பிரிவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு. அதற்கு அடியில் கரண்டிச் சத்தம். குக்கர் ஒரு விசில் விட்டது. வாசல் கதவு திறந்தது. செருப்பைக் கழற்றிப் போடும் ஒலி. என் குரல்.

“எழிலு, இன்னிக்கு என்ன கூத்துன்னு கேளு. காந்திகிராமம் தொட்டிமேல ஒரு மயிலு ஏறி உக்காந்துக்கிச்சு.”

“ம்.”

எழிலரசி.

நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“பிரிவு முப்பது,” என்றது விளக்கி. “கடும் மூச்சுத்திணறல் ஏற்படும் நிலையில் செயற்கைச் சுவாசக் கருவியைத் தவிர்த்து…”

“எறங்கவே மாட்டேங்குது. கீழ நூறு பேரு. கவுன்சிலரு போட்டோ எடுக்கறாரு.”

“ம்.”

“…இதப் பாதையில் தொடர விரும்புகிறீர்களா?”

“ஃபாரஸ்ட்டுக்குப் போன் போட்டா, மயிலு எங்களுது, தொட்டி உங்களுதுங்கறான். உங்க தொட்டியிலிருந்து எங்க மயிலை எறக்கிக் குடுங்கங்கறான்.”

“ம்,” என்றாள் அவள். சிரிப்பு கலந்தது. கடைசியில் மேலே ஏறி நின்றது.

“நன்றி, எழிலரசி அவர்களே. உங்கள் ஒப்புதல் பதிவாகியது. நல்லசிவம் அவர்களே, சிறுநீரகச் செயலிழப்பு ஏற்படும் நிலையில்…”

“நம்ம ஃபிட்டரு ஆரோக்கியசாமி இருக்காருல்லீங் மாமா, அவரு சாக்கைத் தூக்கித் தோளுல போட்டுக்கிட்டு ஏணியில ஏறிட்டாருங்.”

“ம்,” என்றார் பதிவில் இருந்த மாமா. “ம். ம். ஏறி?”

“நன்றி, நல்லசிவம் அவர்களே.”

“அய்யோ பாலு பொங்குது, இருங்க,” என்றாள் எழிலரசி. விளக்கி நலமே வாழ்க என்றது. பதிவு முடிந்தது.

அவள் குரலைக் கேட்டு எத்தனையோ மாதங்களாகிவிட்டன. அலுவலகத்தில் கேட்பேன் என்று நினைக்கவில்லை.

மாமா என் பக்கம் திரும்பினார்.

“அவ உங்களுக்குத்தானுங்களா மாப்ள ம் கொட்டுனா?”

“ஆமாங் மாமா.”

“அப்ப அவ விட்டுக் குடுக்கலீங்.”

“இல்லீங்க.”

“அவளுக்குத் தெரியவே தெரியாதுங்.”

“தெரியாதுங் மாமா.”

அவர் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். தகரம் தட்டித் தட்டிக் காய்ப்பேறிய கைகள். விரல்கள் மடங்கி விரிந்தன. அவர் விழவில்லை. நான் பயந்தது போல இல்லை. அவருடைய முகத்தில் வந்தது கோபம். எனக்கும் அது வந்திருக்க வேண்டும்.

“மனசுக்குக் கஷ்டமாத்தாங்க இருக்குது,” என்றார் உமாராணி. “ஆனா கேள்வி கேட்டிருக்கு, ஏற்பொலி வந்திருக்கு. யாருக்கு ம் சொன்னாங்கன்னு மெஷினுக்கு எப்படிங்க தெரியும்? தலைமையிடத்துக்கு மறுபரிசீலனை எழுதறேன். வர்றதுக்கு ரெண்டு மாசம் ஆகும்.”

“அவருக்கு ஒரு வாரந்தான் இருக்கு.”

“எங்கிட்ட அதுக்கு வழியில்லீங்க. சட்டத்துல ஒரு நியாயம் இருக்குது, அது உங்களுக்கு இன்னும் சரியாப் போய்ச் சேரலைன்னு நினைக்கறேன். அஸ்லம், பிரிவு முப்பதை இவங்களுக்கு இன்னொரு தடவை போடுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருவர் சாகப்போகிறார் என்று சொன்னால், இந்த நாட்டில் இப்போது அதற்கு மருந்து விளக்கம். புரியவில்லையா, இன்னொரு தடவை.

விளக்கி இதமான குரலில் தொடங்கியது. நானும் தொடங்கினேன். திட்டமிட்டுச் செய்யவில்லை. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை.

“என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுங்களா மேடம்? வென்டிலேட்டரு பக்கத்து ரூம்ல சும்மா நின்னுட்டிருந்துது. நானே பாத்தேன். பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கலை.”

உமாராணி நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். “ம்,” என்றார்.

“முகமூடியை எடுத்துட்டு எனக்கு வேண்டாம்னு அவளே சொன்னா. காச்சல்ல சொல்றது செல்லாதுன்னுட்டாங்க. அடுப்படியில கடுகு தாளிச்சுட்டு ம்னா செல்லும். சாகற நேரத்துல வாயைத் தொறந்து சொன்னாச் செல்லாது.”

“ம்…”

விளக்கி ஏதோ கேட்டது. நன்றி என்றது. அடுத்ததற்குப் போனது. உமாராணியின் கவனம் முழுக்க என்மேல் இருந்தது. அந்தக் கட்டடத்தில் என்னை உண்மையாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கண் கலங்கியிருந்தது. அதில் பொய் இல்லை.

அப்போது எனக்கு விளங்கியது. நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“அங்க ஒரு ரூம்ல வெச்சு வீணை போட்டாங்க மேடம். அவளுக்கு வீணை பிடிக்காது. அதை நிறுத்துங்கன்னு கேட்டேன். அது தானா ஓடறது, நிறுத்த முடியாதுன்னாங்க.”

“…செயற்கைச் சுவாசக் கருவியைத் தவிர்த்து, இதப் பாதையில் தொடர விரும்புகிறீர்களா?”

“எஞ்சட்டையைப் பிடிச்சிருந்தா. கடைசியில நர்ஸ் வந்துதான் வெரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சாங்க.”

“ம்,” என்றார் உமாராணி. “ம்.”

“நன்றி, உமாராணி அவர்களே. உங்கள் ஒப்புதல் பதிவாகியது. நலமே வாழ்க.”

அஸ்லம் திரையை எட்டிப் பார்த்தான்.

“மேடம். உங்களுக்குப் பதிஞ்சிருச்சு.”

“என்ன பதிஞ்சிருச்சு?”

“இதப் பாதை. ஏற்பொலி தெளிவுன்னு காட்டுது.”

“நான் இவருக்குத்தானய்யா ம் சொன்னேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எங்களைப் பார்க்கவில்லை.

“எடுத்து விடுங்க அஸ்லம்.”

அவன் ஒரு விரலால் ஒரு இடத்தைத் தொட்டான். “எடுத்துட்டனுங்க மேடம்.”

அவ்வளவுதான். தலைமையிடம் இல்லை. மறுபரிசீலனை இல்லை. இரண்டு மாதம் இல்லை.

“எப்பிடிங்க எடுத்தீங்க?” என்று கேட்டேன்.

அஸ்லம் அவரைப் பார்த்தான். பிறகு கருவியைப் பார்த்தான். “தவறான பதிவுன்னு ஒரு பொத்தான் இருக்குதுங்க சார். எங்க திரையில மட்டும். சோதனை ஓட்டத்துக்கு வெச்சது, எடுக்காம விட்டுட்டாங்க.”

“அதை எல்லாருக்கும் அழுத்தலாமா?”

“அழுத்துனா அழுந்துங்க சார். பொதுமக்களுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு உத்தரவு.”

“அது ஸ்டாஃப்புக்கு மட்டும் உள்ளதுங்க,” என்றார் உமாராணி. “தெரியாம சொல்லிட்டா என்ன பண்றது?”

“உங்களுக்கு விளக்கியாச்சுங்களே மேடம்,” என்றேன்.

பேசச் சொல்லாதீர்கள் என்று சொல்லி வந்தவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றார். வீங்கிய கால்கள். பிடிக்கப் போனேன், கையைத் தள்ளிவிட்டார்.

“ஏனுங் அம்மிணி. எம்புள்ளை கெடந்தப்பவும் அந்தப் பொத்தானு இருந்துதுங்களா?”

உமாராணி மேசையில் கிடந்த தாள்களை அடுக்கினார். மாமா அஸ்லமிடம் திரும்பினார்.

“ஏந்தம்பி?”

“இருந்துச்சுங்கய்யா,” என்றான் அஸ்லம்.

மாமா தலையை மெல்ல ஆட்டினார். ம் கொட்டவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு நின்றதுபோல ஒருவர் நின்று நான் பார்த்ததில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லும் துணிச்சல் அந்த அறையில் யாருக்கும் இல்லை.

“பெரியவரோடதை எடுத்து விடுங்க,” என்றார் உமாராணி, யாரையும் பார்க்காமல்.

அஸ்லம் தொட்டான். திரை மாறியது. முழுப் பாதை.

ஆட்டோ வருவதற்காக வெளியே நின்றபோது அஸ்லம் பின்னாலேயே வந்தான். தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை நீட்டினான். என் பதிவையும் பார்த்தானாம்.

“நீங்க முழுப் பாதைலதான் இருக்கீங்க சார். பயப்பட வேண்டாம். உங்க ஏற்பொலி ஒண்ணு கூட வரலை.”

“ஏன்?”

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். “அந்தப் போன் ஓடுன நேரம் முழுக்க நீங்கதானே சார் பேசிட்டிருந்தீங்க.”

ஆட்டோ வந்தது. ஏறிக்கொண்டோம்.

அந்தப் பொத்தானைப் பற்றி எழுத வேண்டிய இடங்களுக்கெல்லாம் எழுதினேன். இப்போதும் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழிலரசியைப் போல எத்தனை பேர், அந்தப் பொத்தானைத் தொடாமல் எத்தனை பேரை இதம் வார்டுக்குத் தள்ளிப் போனார்கள் என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் வருகிறது: சட்டம் உரிய முறையில் விளக்கப்பட்டுள்ளது. ஒரு மாற்றம் மட்டும் செய்தார்கள். விசாரணையின்போது அலுவலர்கள் ம் கொட்டக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார்கள். இப்போது போய் நின்றால் கல் மாதிரி உட்கார்ந்து கேட்கிறார்கள்.

விஷயம் ஊருக்குள்ளும் பரவியது. டீக்கடையில் ஒருவர் பேச, மற்றவர்கள் உதட்டை இறுக்கிக்கொண்டு கேட்கிறார்கள். போனில் பேசினால் எதிர்முனையில் ஆள் இருக்கிறாரா என்றே தெரிவதில்லை. இருக்கீங்களா, இருக்கேன். இருக்கீங்களா, இருக்கேன். என் அலுவலகத்தில் ஒருவர் தன் சின்ன மகளுக்குக் கதை சொல்லும்போது வாயைப் பொத்திக்கொண்டு கேட்கப் பழக்கியிருக்கிறார். அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

மாமாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிவிட்டது. ஊசி குத்தி, குழாய் மாட்டி, இயந்திரம் ஓடத் தொடங்கினால் நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். முதல் சில தடவைகள் இருவரும் பேசவில்லை. சிவப்புக் குழாய் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன வாரம் அவர் என் பக்கம் தலையைத் திருப்பினார்.

“மாப்ள. அந்த மயிலு எறங்குச்சுங்களா?”

“எந்த மயிலுங் மாமா?”

“தொட்டிமேல ஏறுனது. பாலு பொங்குதுன்னு அவ ஓடுனா. அப்பறம் நீங்க முழுசாச் சொல்லவே இல்லீங்.”

சொல்லவே இல்லைதான். அன்று பால் பொங்கியது, பேச்சு வேறு எங்கோ போனது. நான் வாயைத் திறந்தேன். அவர் உதட்டில் விரலை வைத்தார். கண்ணால் என் சட்டைப் பையைக் காட்டினார்.

“அந்தக் கருமத்தை வெளிய வெச்சுட்டு வாங்க.”

போனை வராந்தா ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வந்தேன். கதவையும் சாத்தினேன்.

“ஆரோக்கியசாமி சாக்கைப் போட்டுக்கிட்டு ஏறுனாருங்களா,” என்று தொடங்கினேன். குரல் சரியாக வரவில்லை. பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

“ம்.”

“மேல போயி, சாக்கை விரிச்சு, பதுங்கிப் பதுங்கிப் பக்கத்துல போனாருங்.”

“ம்.”

“கை வெக்கறதுக்குள்ள மயிலு தானாப் பறந்து கீழ வந்து கவுன்சிலரு காருமேல உக்காந்துக்கிச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. அப்பறம் பாத்தா, ஆரோக்கியசாமி ரெண்டு கையிலயும் ஏணியைப் பிடிச்சுட்டு நிக்கறாரு. ஏறத் தெரிஞ்ச மனுசனுக்கு எறங்கறதுக்குக் காலு வரலீங் மாமா.”

“ம்,” என்றார்.

சிரிப்பு கலந்திருந்தது. கடைசியில் சற்று மேலே ஏறி நின்றது. அந்த ம்மை அவள் யாரிடமிருந்து எடுத்துக்கொண்டாள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மேலே சொன்னேன்.